ஒரு கையா, ரெண்டு கையா

எர்னா போன நாள் 1992 ஏப்ரல் பதினொன்று, சனிக்கிழமை. பிஷ்கேக் ரயில் நிலையத்தில் அன்று நடந்ததை வழியனுப்புதல் என்று சொன்னால் பொய். ஒரு முழு வீட்டைக் கழற்றி ரயில் பெட்டிக்குள் திணிக்கிற வேலை அது. ஷெல்லன்பெர்க் குடும்பம் ஜெர்மனிக்குப் போகிறது. இனித் திரும்பப்போவதில்லை. இறகுத் தலையணைகள், தையல் இயந்திரம், ஊறவைத்த தக்காளி ஜாடிகள், சுவர்க் கடிகாரம். எர்னாவின் அம்மா நடைமேடையில் நின்று எல்லாவற்றையும் எண்ணினாள். ஒவ்வொரு முறையும் ஒரு தலையணை குறைகிறதென்று அலறினாள்.

புருல் விடியற்காலை பஸ் பிடித்து, ஏரிக்கரை ஊரான பாலிக்சியிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை நிறைய போர்சோக், அம்மா மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்துச் சூட்டோடு கட்டிக்கொடுத்தது. மனதில் ஒரே ஒரு கேள்வி. வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எர்னா, ஒரு நிமிஷம் இங்க வா."

"இந்த மூட்டையப் பிடி."

பிடித்தாள்.

"நவம்பர்ல, கடைசியா சுவரத் தொட்டப்ப…"

"வாசல் பக்கம் வேண்டாம்டி, அங்க ஒரே கூட்டம். ஜன்னல் வழியா தள்ளு."

தள்ளினாள். உள்ளேயிருந்து எர்னாவின் தம்பி இழுத்துக்கொண்டான்.

"ஒரு கையா, ரெண்டு கையா? அத மட்டும் சொல்லிட்டுப் போ. நான் வேற எதுவும் கேக்கல."

எர்னா நிமிர்ந்து பார்த்தாள். புருலைவிட ஒரு தலை உயரம், குளோரினில் ஊறி வெளுத்த புருவம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் அம்மா, "பன்னண்டு இருக்கு! பதினொண்ணுதானே கொண்டு வந்தோம்? யாரோட தலையணை இது?" என்று கத்தினாள். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. எர்னா படியில் தாவி ஏறினாள்.

"கடுதாசி போடறேன்!"

போர்சோக் பையை ஜன்னலுக்குள் வீசிவிட்டுப் புருல் நின்றாள். மாஸ்கோ போய்ச் சேர மூன்றரை நாள். மூன்றரை நாளும் நான் கொடுத்ததைத் தின்பாள், பதிலை மட்டும் தொண்டையிலேயே வைத்துக்கொள்வாள். அவளை நினைத்துப் புருலுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சல் இருபத்தேழு வருடம் கூடவே இருக்கப்போகிறதென்று அப்போது தெரியாது.

தவளை நீச்சலில் ஒரு சட்டம் உண்டு. முதுகு நீச்சலில் எந்தக் கை முதலில் சுவரில் பட்டாலும் சரி. இதில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் பட வேண்டும். ஒரு கை முந்தி, மறு கை பிந்தினால், உலகத்தையே ஜெயித்து வந்தாலும் வெளியே போ என்பார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் ஒரு நடுவர் குனிந்து நிற்பார்.

புருலைப் பதின்மூன்றாம் வயதில் தலைநகரத்து விளையாட்டு விடுதிப் பள்ளிக்கு அழைத்துப் போனதற்குக் காரணம் அவள் நீந்தியதல்ல, நின்றது. ஆள் எடுக்க வந்தவர் ஏரிக்கரையில் வரிசையாக நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேயில்லை. பாதங்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். புருலின் பாதம் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி நின்றன. "இது தவளைக் கால்," என்று பெயரை எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து பாலிக்சியில் அவள் பெயர் தவளை.

அவள் அப்பா மீன் தொழிற்சாலையில் லாரி ஓட்டினார். போட்டி என்றால் அவருக்குக் குதிரைப் போட்டிதான். "பந்தயத்துல ஜெயிச்சவன் குதிரையோட வருவான், இல்ல கெடாயோட வருவான். நீ என்னடான்னா ஈரத்தலையோட வர்றே," என்பார். அதிலும் அவள் ஜெயித்தபாடில்லை. எட்டு வருடம், குடியரசுப் போட்டி ஒவ்வொன்றிலும், இருநூறு மீட்டரில் எர்னா முதல், புருல் இரண்டாவது. காண்ட் பக்கத்து ஜெர்மன் கிராமத்துப் பெண் எர்னா. நீளக் கை, அலட்டிக்கொள்ளாத நீச்சல். விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே சோப்பு.

"நீ எவ்வளவு தூரத்துல வர்றேன்னு எனக்குத் திரும்பிப் பாக்கவே வேண்டாம்டி," என்று எர்னா சிரிப்பாள். "சமோவர் கொதிக்கிற மாதிரி மூச்சு விடறே. பின்னாடி அந்தச் சத்தம் கேட்டுட்டே இருக்கும். கேக்கற வரைக்கும் எனக்குக் கவலையில்ல."

1991 நவம்பரில் அந்தப் போட்டி. கொதிகலனுக்கு நிலக்கரி பாதிதான் வந்திருந்தது. தண்ணீரில் பல் கிட்டியது. பார்க்க வந்தவர்கள் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். எர்னா நான்காம் தடம், புருல் ஐந்து. கடைசி ஐம்பது மீட்டரில் புருலுக்குக் கண்ணுக்கு முன்னால் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. தலை உள்ளே, தலை வெளியே, தலை உள்ளே. சுவரைத் தொட்டாள். நிமிர்ந்து பார்த்தால் பலகையில் எர்னா முதல், அவள் இரண்டாவது. வித்தியாசம் விநாடியில் பத்தில் மூன்று பங்கு. வழக்கம்தானே என்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது நான்காம் தடத்து நடுவர், வெள்ளைக் கோட்டுப் பெண்மணி, கையை உயர்த்தினார். ஒரு கைத் தொடுகை. எர்னா நீக்கம்.

பயிற்சியாளர்கள் சத்தம் போட்டார்கள். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். ஆனால் சத்தம் போட வேண்டியவள் போடவில்லை. எர்னா தொப்பியைக் கழற்றினாள், கயிற்றுக்கு மேலாகக் கை நீட்டிப் புருலின் கையைப் பிடித்து உயர்த்தினாள், குளிக்கப் போய்விட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அழுதிருந்தால், நடுவரைத் திட்டியிருந்தால், ஏதோ ஒரு பக்கம் புரிந்திருக்கும். விடுதியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலம் முழுக்க, புருல் கேள்வியை ஆரம்பித்தாலே எர்னா விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் போட்டியே நடக்கவில்லை. நாடு வேறாகிவிட்டது. குளத்தைச் சூடாக்க வழியில்லாமல் தண்ணீரை வடித்துவிட்டார்கள். புருல் ஊருக்குத் திரும்பினாள், ரயில்வேயில் கிளீனராக இருந்த ஜோல்டோஷைக் கட்டிக்கொண்டாள், கோடையில் ஏரிக்கரை ஓய்வில்லம் ஒன்றில் உயிர்காப்பு வேலைக்குப் போனாள். தோற்கடிக்க ஆளே இல்லாததால் வருடா வருடம் சாம்பியனாகவே இருக்க நேர்ந்தது. ராஜினாமா செய்யவும் முடியாத பதவி.

அதோடு விட்டார்களா? அந்த ஊரில் குழந்தை முதலடி வைக்கும் பருவத்தில் அதன் இரண்டு காலையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து பிள்ளைகள் ஓடி வருவார்கள். முதலில் வந்தவர் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுக்க வேண்டும். அறுத்தவரின் நடை குழந்தைக்கு வரும். ஊரிலேயே சாம்பியன் இருக்கும்போது எதற்கு ஓட்டம் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசலில் ஆள், எஜே என்று, அதாவது அக்கா என்று, கூப்பிட்டபடி.

"புருல் எஜே, கத்தி தயாரா இருக்கு. வாங்க."

"நான் ஓடறவ இல்லம்மா. மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்."

"தண்ணியில ஜெயிச்சா என்ன, தரையில ஜெயிச்சா என்ன? சாம்பியன் சாம்பியன்தான்."

போவாள், அறுப்பாள், தலையில் ஒரு புதுத் துணியைக் கட்டி அனுப்புவார்கள். பெட்டி நிறையத் தலைத்துணி சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டம் "சாம்பியன்!" என்று கத்தும்போது, அந்தச் சொல் சரியாகப் பொருந்தாத செருப்பு மாதிரி எங்கேயோ கடித்தது. நான்தான் ஜெயித்தேனா, அல்லது ஒரு வெள்ளைக் கோட்டின் கண்ணுக்கு அப்படித் தெரிந்ததா?

போதாக்குறைக்கு பக்கத்து வீட்டு துர்சுன் சண்டைக்கு வந்தாள். துர்சுனின் மூத்தவனுக்குக் கயிறு அறுத்தவள் புருல்தான்.

"வந்து பாருடி என் புள்ளைய! பாதத்த ரெண்டு பக்கமும் விரிச்சு வாத்து மாதிரி நடக்கறான். பள்ளிக்கூடமே சிரிக்குது. இது யாரு நடை?"

புருல் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள்.

எர்னாவின் முதல் கடிதம் 1993 வசந்தத்தில் வந்தது. மூன்று பக்கம். இங்கே பஸ் சொன்ன நேரத்துக்கு வருகிறது, குப்பையை நாலு தொட்டியில் பிரித்துப் போட வேண்டும், அங்கே எங்களை ஜெர்மன்காரி என்றார்கள், இங்கே ரஷ்யாக்காரி என்கிறார்கள். புருல் மூன்று பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில், உறைக்குள், தபால்தலைக்கு அடியில்கூடப் பார்த்தாள். பதிலாக ஒரே வரி எழுதினாள்: "பஸ் வரட்டும். ஒரு கையா, ரெண்டு கையா?"

ஏழு மாதம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. சிவப்புக் காருக்குள் எர்னா, பல் முழுவதும் சிரிப்பு. பின்புறத்தில்: "ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருக்கு, பாத்துக்கோ."

புருல் அதைச் சாப்பாட்டு மேசையில் அறைந்தாள். தேநீர் சிந்தியது.

"பாத்தியா இவ கொழுப்ப? கேலி பண்றா!"

ஜோல்டோஷ் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தான். "காரு நல்லாருக்கு," என்றான்.

அன்று இரவுச் சாப்பாட்டை அவன் தானே போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவள் போட்ட இரண்டு கடிதமும், விலாசத்தில் ஆள் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தன.

2005-ல் சோபா வாங்கத் தலைநகரத்துக்குப் போனார்கள். எந்தக் கடை என்று ஜோல்டோஷ் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் புருலுக்கே தெரிந்துவிட்டது. அவளுடைய குளம். அதே கூரை, அதே வெளிர்நீல ஓடு. ஆழமில்லாத பக்கத்தில் சோபாக்கள், ஆழமான பக்கத்தில் துணி அலமாரிகள். கீழே இறங்க மரப்படி போட்டிருந்தார்கள். ஐம்பது மீட்டர் நீந்தி அலுத்த இடத்தில் இப்போது ஜனங்கள் மெத்தையில் உட்கார்ந்து குதித்துப் பார்த்தார்கள்.

புருல் நேராக நான்காம் தடத்தின் முடிவுக்குப் போனாள். சுவருக்கு முன்னால் பழுப்புநிற சோபா ஒன்று கிடந்தது. அதன்மேல் முழங்கால் போட்டு ஏறி, எர்னா மாதிரி கையை நீட்டினாள். முதலில் வலது கையால் தொட்டாள், பிறகு இரண்டாலும் தொட்டாள். ஐந்தாம் தடத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து பார்த்தால் தெரியுமா என்று கழுத்தைத் திருப்பினாள். தெரியாது. அவளுக்கே தெரியும், தெரியாதென்று. மறுபடி நான்குக்கு வந்தாள்.

கடைக்காரப் பெண் ஓடி வந்தாள். "எஜே, செருப்புக் காலோட ஏறாதீங்க! அது வித்தாச்சு."

"பதினாலு வருஷம் முன்னாடியே வித்தாச்சும்மா," என்றாள் புருல். "யாருக்குன்னுதான் தெரியல."

சோபா வாங்காமலேயே திரும்பினார்கள். ஜோல்டோஷ் பொறுக்க முடியாமல், மலைக் கணவாய் தாண்டும்போது சொன்னான். "சின்னத் துண்டு மெடல். அதையும் வீட்டுல யாரும் பாக்கறதில்ல. ஒரு கையோ ரெண்டு கையோ, உனக்கு என்னடி நஷ்டம்?"

"எட்டு வருஷம் அவளுக்குப் பின்னாடி நீந்தினேன். ஒரே ஒரு தடவ முன்னாடி போனேனா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

ரேடியோவைப் போட்டான்.

அந்த வாரக் கடைசியில் துர்சுனின் கடைக்குட்டிக்குக் கயிறு அறுக்கும் விருந்து. கூட்டம் கூடிவிட்டது, குழந்தை கட்டிய காலோடு தள்ளாடி நிற்கிறது, துர்சுன் கத்தியை நீட்டுகிறாள். புருல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னால முடியாது. நான் ஜெயிச்சேனான்னு எனக்கே தெரியாது. புள்ளைங்கள ஓட விடு, முதல்ல வர்றவன் அறுக்கட்டும்."

துர்சுன் கத்தியை அவள் பக்கம் ஆட்டினாள். "அப்ப என் மூத்தவன் கயித்த எந்தத் தைரியத்துல அறுத்தே?"

"அவன் வாத்து மாதிரி நடக்கறான்னு நீதானே திட்டினே?"

"சாம்பியன் அறுத்த வாத்துன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்டி! இப்ப வெறும் வாத்தா ஆயிட்டானே!"

கூட்டம் சிரித்தது. புருல் சிரிக்கவில்லை. அன்றோடு கத்தியைத் தொடுவதை விட்டாள். யார் வந்து கேட்டாலும் இல்லை. தலைத்துணிப் பெட்டியைப் பூட்டிவிட்டாள். 2014-ல் சொந்த மகள் எல்னூரா தன் மூத்த பையனைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் இல்லை என்றுதான் சொன்னாள்.

"ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் அறுத்தே. எம் புள்ளைக்கு மட்டும் உனக்குக் கை வரலையாம்மா?"

"கையிலதான்டி பிரச்சினையே."

கடைசியில் யாரோ ரொட்டிக்கடைப் பையன் ஓடி வந்து அறுத்தான். பேரன் விழுந்து எழுந்து நடந்ததைப் புருல் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, யார் யாருடைய தோளுக்கோ மேலாக எட்டிப் பார்த்தாள். எல்னூரா இரண்டு மாதம் பேசவில்லை. பேசியபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. அது அதைவிட மோசம்.

2019 ஆகஸ்டில் எல்னூராவின் இரண்டாவது, பதினொரு மாதப் பெண், சுவரைப் பிடித்து நிற்க ஆரம்பித்தது. செப்டம்பரில் விருந்தென்று நாள் குறித்துவிட்டு எல்னூரா போன் செய்தாள்.

"இந்தத் தடவ நீதான் அறுக்கணும். மாட்டேன்னா சொல்லிடு. இனிமே எந்த விசேஷத்துக்கும் உன்னக் கூப்பிட மாட்டேன். நான் கோவத்துல சொல்லலம்மா. அலுத்துப்போச்சு."

"யோசிச்சுச் சொல்றேன்."

"இருபத்தேழு வருஷமா யோசிக்கறே."

போனை வைத்துவிட்டாள். புருல் உயிர்காப்பு மேடையில் உட்கார்ந்திருந்தாள். மிதவைக் கோட்டைத் தாண்டி இரண்டு தடியன்கள் ரப்பர் அன்னத்தின்மேல் படுத்துக்கொண்டு நடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், கையில் பீர் பாட்டில். ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"அன்னத்துல போறவங்களே! திரும்புங்க! உங்களுக்குத்தான் சொல்றேன், சிவப்புத் தொப்பி! மேல காத்து கெளம்பிட்டா அந்த அன்னம் எதிர்க்கரைக்குப் போயிடும், நீங்க அடிக்குப் போயிடுவீங்க!"

சிவப்புத் தொப்பி கையாட்டியது. ஒரு கையை மட்டும். புருல் பல்லைக் கடித்துக்கொண்டு, மீட்பு வளையத்தை எடுக்க எழுந்தாள். அப்போது சட்டைப்பையிலிருந்த போன் அதிர்ந்தது. எல்னூராதான், இன்னும் ஏதோ திட்ட விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துத் திறந்தாள். தெரியாத எண். முன்னால் நாற்பத்தொன்பது.

"புருல், நான் எர்னா. உன் மகளோட இணையப் பக்கத்துலேருந்து நம்பரப் புடிச்சேன், அவளத் திட்டாத. என் பேத்தி லீனாவுக்கு ஒரு வயசாகுது. காலக் கட்டி அறுக்கணும்னு நிக்கறேன். கறுப்பு வெள்ளக் கயிறு நானே முறுக்கி வெச்சிட்டேன். நான் புள்ளயக் கட்டிப் போடப் போறேன்னு மருமகன் மிரண்டு கெடக்கறான். சாம்பியன் இல்லாம அறுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரிஞ்ச சாம்பியன் நீ ஒருத்திதான்.

நீ கேட்டதுக்குப் பதில்: ஒரு கை. வலது கை. எட்டு வருஷமா உன் சமோவர் எனக்குப் பின்னாடிதான் கொதிச்சுது. அன்னிக்குக் கடைசிப் பத்து மீட்டர்ல அது என் காதுகிட்ட வந்துடுச்சு. எங்க இருக்கேன்னு திரும்பிப் பாத்தேன். தோள் சாஞ்சு, இடது கை நின்னுபோச்சு. அந்த நடுவர் பாத்தது சரிதான். இத ஸ்டேஷன்லயே சொல்லியிருக்கலாம். உனக்குப் பயந்துதான் திரும்பினேன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் வருஷம் ஆக ஆக வெக்கமாப் போச்சு.

ஞாயித்துக்கெழம இங்க காலைல பத்து மணி, உனக்கு மத்தியானம் ரெண்டு. வீடியோல கூப்பிடறேன். கத்திய மருமகன் புடிச்சிருப்பான், எங்க வெட்டணும்னு நீ சொல்லு. அந்த போர்சோக் மாஸ்கோ வரைக்கும் வந்துச்சு. நல்லா இருந்துச்சு. அதையும் சொல்லாம விட்டுட்டேன்."